மேற்கில் விழுந்த பள்ளம்

ஆகஸ்ட் 12

காலையில் காற்று திரும்பிவிட்டது. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் எங்கள் தெருவில் வந்து இறங்கியது. கொடியில் கிடந்த வெள்ளைத் துணிகளை மறுபடி நனைக்க வேண்டியதாயிற்று. கீழ்வீட்டு வரலட்சுமி அக்காவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. காற்று மாறுவது அவருக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும். தண்ணீர்க் குடம், வடகத் தட்டு, மாவுப் பாத்திரம் எல்லாவற்றின் மேலும் ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டுத்தான் இறால் கம்பெனி வேலைக்குக் கிளம்புவார். திருவொற்றியூரில் பிறந்தவர். நான் இங்கே வந்து எத்தனையோ வருடமாகிறது, இன்னும் தூத்துக்குடிக்காரியாகவே துணி காயப்போடுகிறேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. கால நீட்டிப்பு உண்டு, ஆனால் இதுவே கடைசி. மார்ச் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லையென்றால் ராயபுரம் கல்லூரியில் கடைசிவரை கௌரவ விரிவுரையாளர்தான். பெயரில் மட்டும் இருக்கிற கௌரவம்.

அண்ணனிடம் சொன்னேன். ஜெபசிங் அண்ணன் கடையில் கம்பி எடை போட்டுக்கொண்டே கேட்டான்: "வானத்துல ஓட்டை வுழுந்தா ஒனக்கென்னட்டி? நம்ம மொட்டமாடி ஒழுகுது, அத மொதல்ல பாரு."

ஆகஸ்ட் 19

இன்று ராக்கெட். வெயில் இறங்கும் நேரம்.

ராக்கெட் நாளென்றால் எங்கள் கட்டடத்தில் திருவிழாதான். அண்ணன் கடையில் சுமை ஏற்றுகிறவர்கள், எதிர்வீட்டுக்காரர்கள், யார் யாரோ மொட்டைமாடிக்கு ஏறி, ஸ்ரீஹரிகோட்டா இருக்கிற வடக்குப் பக்கம் பார்த்து நிற்பார்கள். வரலட்சுமி அக்கா சுண்டலோடு முதல் ஆளாகப் போய்விடுவார். அவர் வீட்டுக்காரர் செங்குட்டுவன் அண்ணன், துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர், வண்டி இல்லாத நாளென்றால் அவரும் போவார். நான் மட்டும் போவதில்லை. மாடியில் நிற்கும் என் ஆண்டெனாவின் ஒயர் ஜன்னல் வழியாக என் மேஜைக்கு வருகிறது. அந்த நேரத்தில் நான் திரையின் முன்னால் இருந்தாக வேண்டும். ராக்கெட்டைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன், ஒரு ராக்கெட்டையும் நேரில் பார்த்ததில்லை. சமைக்கிறவள் முதல் பந்தியில் உட்கார முடியுமா?

விஷயம் எளிதுதான். முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் சூரிய வெளிச்சம் காற்றைப் பிய்த்து எலெக்ட்ரான்களைத் தனியே அலையவிடுகிறது. அயனி மண்டலம். ராக்கெட் அந்த உயரத்துக்குப் போய் நீராவியைக் கக்குகிறது. அங்கே இயல்பாக இல்லாத சரக்கு அது. அயனிகள் அதோடு கூடி, எலெக்ட்ரான்களை வேகமாகக் காலி செய்கின்றன. ராக்கெட் போன வழியில் ஒரு ஓட்டை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக ஆறிவிடும். செயற்கைக்கோளிலிருந்து வரும் ஜி.பி.எஸ். சிக்னல் அந்த ஓட்டை வழியாக வந்தால் என் திரையில் கோடு சரியும். அந்தச் சரிவுதான் என் ஆய்வேடு.

இன்றும் விழுந்தது, நல்ல ஆழம். தலைக்கு மேல் காலடிச் சத்தம், கைதட்டல். திரையில் பள்ளம். சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 21

என் நெறியாளர் ரிஃபானா மேடம் போன் செய்தார். மேடம் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. இன்று இரண்டு முறை 'நன்று' என்றார்.

காரணம் மேற்கு. ராக்கெட் கிழக்கே கடலுக்கு மேல் போகிறது, ஓட்டையும் அங்கேதான் விழ வேண்டும். செயற்கைக்கோள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு; எங்கள் பதிவில் மேற்குப் பக்கத்துக் கோடுகளிலும் பள்ளம் விழுகிறது. காஞ்சிபுரம், வேலூர் வரைக்கும் வானம் பள்ளமாகிறது. இதை வேறு யாரும் சொன்னதில்லை. நான்காம் அத்தியாயம் முழுக்க இதுதான். டிசம்பரில் மேடம் வெளிநாட்டு மாநாட்டில் இதை வாசிக்கப் போகிறார், என் பெயரும் சேர்த்து. அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவர். இதுதான் கடைசி மாநாடு என்று அவரே சொன்னார்.

ஒரு சின்ன உறுத்தல். பள்ளம் ராக்கெட் கிளம்புவதற்குச் சற்று முன்பே தொடங்குகிறது. மேடத்திடம் சொன்னேன். கோட்டின் நடுக்கத்தை வழவழப்பாக்குகிற கணினி நிரல் செய்கிற வேலை அது என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வசதியான நினைப்பு.

செப்டம்பர் 9

மேற்கே ஏன் பரவுகிறது என்பதற்கு இன்று மூன்றாவது காரணம் கண்டுபிடித்தேன். முதல் இரண்டைவிட நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 14

மாடிப்படியில் செங்குட்டுவன் அண்ணன் நிறுத்திக் கேட்டார், ஓட்டை விழுந்தால் நமக்கு என்ன கெடுதல் என்று. ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும், தூரத்து ரேடியோ அலை திசை மாறும், உலகம் முழுக்க ராக்கெட் கூடிக்கொண்டே போகிறது, ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது என்று வருமோ என்பதுதான் கவலை என்றேன். உங்கள் வண்டி இருக்குமிடமே கொஞ்சம் தள்ளிக் காட்டலாம்.

அவர் யோசித்துவிட்டு, "ஹார்பர் கேட்டுல மூணு நாளா லைன்ல நிக்கிற வண்டி எங்க கீதுன்னு காட்னா இன்னா டீச்சர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

செப்டம்பர் 26

சாம்பல். ஒன்றும் எழுதவில்லை.

அக்டோபர் 17

இதை வரிசையாக எழுத வேண்டும்.

சாயங்காலம் ராக்கெட். நான் மேஜையில். போனில் நேரலை. கவுண்ட்டவுன் ஓடுகிறது. மாடியில் ஆட்கள் ஏறிவிட்டார்கள். கோடு சரியத் தொடங்கியது, வழக்கம்போலக் கொஞ்சம் முன்பே.

கடைசி நிமிடங்களில் எண்ணிக்கை நின்றுவிட்டது. ஏதோ கோளாறு, இன்று ஏவப்போவதில்லை என்று அறிவித்தார்கள். மாடியில் 'அடச்சே' என்று ஒரு சத்தம்.

கோடு சரிந்துகொண்டே இருந்தது.

ராக்கெட் தரையில் நிற்கிறது. அதன் புகை ஒரு சொட்டுக்கூட மேலே போகவில்லை. என் திரையில் கிழக்கே பள்ளம், மேற்கே பள்ளம், வேலூர் வரை பள்ளம். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. மாடியிலிருந்து ஆட்கள் இறங்கிய பிறகு கோடு மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வந்தது.

தேநீர் போட்டேன். குடிக்கவில்லை.

அக்டோபர் 18

சூரியப் புயல் இருந்ததா என்று பார்த்தேன். இல்லை. பூமியின் காந்தப் புலம் சாதுவாக இருந்தது. ரிசீவரில் கோளாறா? இல்லை.

சிக்னலின் பலத்தைக் காட்டும் எண் வரிசை ஒன்று பதிவில் எப்போதும் உண்டு. இத்தனை நாள் அதை நான் திறந்ததில்லை. எலெக்ட்ரான் கணக்குக்கு நேரடியாகத் தேவையில்லை. இன்று திறந்தேன். நேற்று எல்லாச் செயற்கைக்கோளின் சிக்னலும் ஒரே நேரத்தில் நலிந்திருக்கிறது. நலிந்த இடத்தில் சிக்னல் விட்டு விட்டு வந்திருக்கிறது. என் நிரல் அந்த இடைவெளிகளைத் தன் இஷ்டத்துக்கு நிரப்பி, பள்ளமாக்கிவிட்டது.

ஆகஸ்ட் 19-இலும் அப்படியே. அதற்கு முந்தைய ராக்கெட்டிலும்.

வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது மாடியில். ராக்கெட் நாளில் மட்டும் நடக்கிற ஏதோ ஒன்று. கூட்டமாக ஆண்டெனாவைச் சுற்றி நிற்கிறார்களோ?

தள்ளிப்போட்ட ராக்கெட் நாளை மறுநாள். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அக்டோபர் 20

முதல் தடவையாக ராக்கெட் நேரத்தில் மாடிக்குப் போனேன். எல்லோரும் வழிவிட்டார்கள், கல்யாணப் பெண் வந்த மாதிரி. கூட்டம் ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் இல்லை. மரியாதையாகத் தள்ளியே நிற்கிறார்கள்.

ஆண்டெனாவின் மேல் ஒரு நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி கிடந்தது. நன்றாக நனைத்து, நாலு மடிப்பாக மடித்து, காற்றில் பறக்காமல் முனைகளைக் கம்பத்தில் சுற்றிக் கட்டியிருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

என்னக்கா இது என்று கேட்டேன். வரலட்சுமி அக்கா சுண்டல் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஈரத்துணிதான் டீச்சர். ராக்கெட்டு வுடறப்போ எல்லாம் போட்றதுதானே. நீதான சொன்ன, மேல போயி பொகைய கக்குது, காத்துல ஓட்ட போடுதுன்னு. மேல போன பொகை கீய வந்துதானே ஆவணும்? நம்ம சிம்னிப் பொகை வர்ல? மிசினு மேல வுயுந்தா கெட்டுப்பூடும்ல. ராக்கெட்டு போன அப்பால எடுத்துடுவேன்."

போன பொங்கலுக்கு நான் சொன்னதாம். பாலைக் காய்ச்சிக்கொண்டு நின்றபோது, நீ என்னதான் படிக்கிறாய் என்று அவர் கேட்டார், சொன்னேன். அவர் என் படிப்பைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, தன்னால் ஆனதைச் செய்திருக்கிறார்.

எல்லோரும் கத்தினார்கள். ராக்கெட் போயிற்று. நான் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 21

யாரைத் திட்டுறது? ஒரு தடவ — ஒரே ஒரு தடவ மேல போய் எட்டிப் பாத்திருந்தா என்ன? இருபது படி. மேற்கே பரவுதாம், மூணு காரணமாம், படம் வேற போட்டாச்சு. சிக்னல் பலத்தத் திறந்து பாக்கல. ராக்கெட் கெளம்பும் முன்னாடியே பள்ளம் வுழுதே, அது ஏன்னு யோசிக்கல. நல்லா வந்திருக்குன்னு நெனச்சா அப்புறம் யாரு குடைவா?

அக்காமேல் கோபம் வந்தது. பொய் சொல்லிப் பயனில்லை, வந்தது. காலையில் படியில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று மத்தியானம் ரசம் கொடுத்து அனுப்பினார். சாப்பிட்டேன். நல்ல ரசம்.

மார்ச் வரை எவ்வளவு நாள் இருக்கிறது? எண்ணப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 24

ரிஃபானா மேடத்தை அவர் துறையில் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனாவை மூடித் திறந்து மூடினார்.

ஏவாத அந்த ஒரு நாளை விட்டுவிடு என்றார். எல்லா நாளும் துணி போட்டார்கள் என்பதற்கு ஒரு அக்காவின் ஞாபகம்தானே சாட்சி என்று கேட்டார். நான்காம் அத்தியாயம் இல்லாமல் இந்த ஆய்வேட்டில் என்ன மிச்சம் இருக்கிறது, மகிமா? கேட்டது நியாயமான கேள்வி. அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு உள்ளே போகாது என்பதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

வரும் வழியில் பஸ் தங்கசாலையில் வெகுநேரம் நின்றது. மேடம் சொன்னபடி செய்தால் என்ன என்று முழுமையாக யோசித்துப் பார்த்தேன். செய்யலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு நீலக் கட்டம் தெரியும்.

அக்டோபர் 27

போன பொங்கலுக்கு முந்தைய பதிவுகளை எடுத்தேன். துணி இல்லாத காலம். அப்போது 'ஒன்றும் இல்லை' என்று ஒதுக்கிவைத்த இரண்டு ராக்கெட்டுகள். மேற்கே கோடு நேராக இருக்கிறது. கிழக்கே, ராக்கெட் போய்ச் சில நிமிடங்கள் கழித்து, ஒரு தளர்வு. பள்ளம் என்று சொல்லக்கூடக் கூசும். ஆனால் சிக்னல் பலம் குறையவில்லை.

உண்மையான ஓட்டை இதுதான் போலிருக்கிறது. முதலிலிருந்தே இருந்திருக்கிறது.

நவம்பர் 6

துணிதான் காரணம் என்பதை நிரூபிக்க, ராக்கெட் இல்லாத நாட்களில் துணி போட்டுப் பார்க்க வேண்டும். நானே போடலாம். ஆனால் அவர் நனைக்கிற மாதிரி, மடிக்கிற மாதிரி இருக்க வேண்டுமே. வரலட்சுமி அக்காவிடம் ஒரு சோதனை இருக்கிறது, தினம் வேலைக்குப் போகும் முன் துணி போட வேண்டும் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

அவருக்கு ஒரே சந்தோஷம். "புழிஞ்சி போடவா, புழியாமயா?" என்று கேட்டார். எப்போதும் போடுவது போல என்றேன். அப்படியென்றால் அரைப்பிழி.

துணி போட்டதும் பள்ளம். எடுத்ததும் மேடு. மறுபடி போட்டால் மறுபடி பள்ளம். ஆண்டெனாவைத் துணியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அக்கா துணியின் சுருக்கத்தை நீவிவிட்டு, "இப்ப எடு" என்றார்.

நவம்பர் 15

மழை. ஆண்டெனா நனைந்தாலும் சிக்னல் கொஞ்சம் நலிகிறது. அதையும் குறித்தேன்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் வந்து, டீச்சர் கணக்கு சரியா வந்துச்சா என்று கேட்கிறார். சரியா வந்துச்சுக்கா என்கிறேன். சரியாகத்தான் வருகிறது. நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைக்கிறேன். நாளைக்கு என்பது நல்ல நாள், வரவே வராது.

நவம்பர் 19

எல்லாவற்றையும் மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். துணி போட்ட நாட்கள், போடாத நாட்கள், படம்.

டிசம்பர் 2

மேடத்திடமிருந்து பதில்: "மாநாட்டுக்கு எழுதிக் கட்டுரையை விலக்கிக்கொண்டேன். நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடு. கிழக்கே உள்ள சின்னதை வைத்துப் புதிதாக எழுது. ஜனவரி ராக்கெட்டைச் சுத்தமாகப் பதிவு செய்."

சண்டை போடத் தயாராக இருந்தேன். சண்டை இல்லை. பயணச் சீட்டை ரத்து செய்திருப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜனவரி 11

துணி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மேடம் இந்தத் தடவை திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். மேடம் சொன்னா சரி, மிசினு கெட்டா நான் பொறுப்பில்ல என்றார் அக்கா.

ராக்கெட் போயிற்று. நான் கீழேதான் இருந்தேன்; இதைக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டியிருந்தது. முதலில் ஒன்றும் இல்லை. தலைக்கு மேல் கைதட்டி முடித்து, பேச்செல்லாம் அடங்கிய பிறகு, கிழக்கே கடலுக்கு மேல் பார்க்கிற இரண்டு கோடுகள் மட்டும் மெல்லத் தாழ்ந்தன. மேற்கே அசைவில்லை. சிக்னல் பலம் அசையவில்லை. இருட்டும் வரை தாழ்ந்தே இருந்து, பிறகு ஏறியது.

சின்னது. ஆனால் மெய். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, அழுதேன்.

மார்ச் 27

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். மேடம் கையெழுத்துப் போட்டார், ஒரு எழுத்துப்பிழையையும் காட்டினார். அண்ணன் கேட்டான், முன்பு இருந்ததைவிட ஏன் ஒல்லியாக இருக்கிறது என்று.

செப்டம்பர் 4

இன்று பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று நான்தான் ஒரு முறை சொல்லியிருந்தேன். வரலட்சுமி அக்கா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, பச்சைப் பட்டுச் சேலையில் வந்துவிட்டார். கடைசி வரிசை. அண்ணனுக்குக் கடையை விட முடியவில்லை. என் பக்கத்து ஆள் என்று பார்த்தால் அவர் ஒருவர்தான்.

பேச்செல்லாம் ஆங்கிலம். அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அந்தப் படம் திரையில் வந்தது. ஆண்டெனா, அதன்மேல் நீலக் கட்டத் துணி. கடைசி வரிசையில் அவர் பக்கத்தில் இருந்த மாணவியின் தோளைத் தட்டி, தன்னைக் காட்டி ஏதோ சொன்னது தெரிந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

வெளித்தேர்வாளர் பெங்களூரிலிருந்து வந்தவர், தமிழ்க்காரர். நல்ல மனிதர், கேள்விகளும் நல்ல கேள்விகள். துணியைப் பற்றி நான் சொல்லி முடித்ததும் அவர் தமிழுக்கு மாறினார்.

"ஆக, ராக்கெட் போட்டதைவிடப் பெரிய ஓட்டையை ஒரு ஈரத்துணி போட்டிருக்கு."

அறை முழுக்கச் சிரித்தது. மேடம்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தனை நேரப் பதற்றம், சிரிப்பு தானாக வந்துவிட்டது. கடைசி வரிசையைப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பட்டத்துக்குப் பரிந்துரைத்துவிட்டார்கள். கைதட்டினார்கள். டாக்டர் மகிமா. கேசரி, பஜ்ஜி.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரம். ராயபுரம் தாண்டினோம். டோல்கேட் அருகே கேட்டார்.

"அப்போ நான் போட்ட துணிதான் ஓட்டையா?"

"ஆமாக்கா."

"எப்போ தெரியும் உனுக்கு?"

"போன வருஷம். நான் மாடிக்கு வந்தேனே, அன்னைக்கு."

வெளியே கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அப்பவே சொல்லிருக்கலாம்ல. நான் இன்னா கொயந்தையா? தெனிக்கும் வந்து துணியப் போட்டுகினு, கணக்கு சரியா வந்துச்சான்னு உன்னியே கேட்டுகினு இருந்தேன். இப்ப அத்தினி பேரு சிரிக்கறப்போ தெரிஞ்சிக்கினேன்."

 தேரடியில் இறங்கினோம். வூட்டுக்குப் போய் உலை வைக்கணும் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

செப்டம்பர் 12

படியில் பார்த்தேன். நல்லாகீறியா டீச்சர் என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 21

போய் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று காபி கொடுத்தார். டம்ளரைக் கழுவி வைக்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

அக்டோபர் 9

சாயங்காலம் ராக்கெட். மேல் அடுக்கு எந்திரத்தில் ஹைட்ரஜன் எரிக்கிற பெரிய வகை. நீராவி அதிகம், ஓட்டையும் பெரிதாக இருக்க வேண்டும். இப்படி ஒன்றுக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். மேடம் காலையிலேயே நினைவுபடுத்திச் செய்தி அனுப்பியிருந்தார்.

எல்லோரும் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். செங்குட்டுவன் அண்ணன் தனியாக வந்தார். அவள் வரவில்லை, தலைவலியாம் என்றார். அவர் என்னைப் பார்க்காமல் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. எனக்குத் தெரிந்து அக்கா ஒரு ராக்கெட்டையும் விட்டதில்லை.

கீழே போய்க் கதவைத் தட்டினேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வாங்கக்கா, நேரமாச்சு என்றேன்.

"நான் வர்ல. நான் வந்தா உன் மிசினுக்கு எதுனா ஆயிடும். நீ போயி உன் வேலயப் பாரு."

என் அறைக்குத் திரும்பினேன். திரையில் கோடுகள் எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருந்தன. இவ்வளவு சுத்தமான பதிவை நான் பார்த்ததே இல்லை. மின்சாரத்தை நிறுத்தினேன். கோடுகள் போயின. மறுபடி அவர் வாசலுக்குப் போனேன்.

"மெஷின நிறுத்திட்டேங்க்கா."

"இன்னாத்துக்கு? இன்னிக்கு ராக்கெட்டாச்சே."

"அதான். நீங்க வாங்க."

என்னை நன்றாகப் பார்த்தார். பைத்தியமா உனுக்கு என்றார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மாடியில் என்னைத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டு, தோளைப் பிடித்து வடக்கே திருப்பிவிட்டார். அந்த டேங்குக்கு மேலே பார், முதலில் வெளிச்சம்தான் வரும், சத்தம் அப்புறம்தான் வரும் என்றார். அப்படித்தான் வந்தது. மஞ்சளாக ஒரு புள்ளி எழுந்து, மேலே போய், கிழக்கே சாய்ந்து, மேகத்துக்குள் போய், மறுபடி வெளியே வந்தது. அவர் கையிலிருந்து வெங்காய வாடை வந்தது. கடைசி வெளிச்சம் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நாளைக்கு மேடம் கேட்பார். மின்சாரம் போய்விட்டது என்று சொல்லப்போவதில்லை. இன்றைய ராக்கெட் மேலே என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது.